மாஸ்டர் செடி

ஃபிரேம் கடைக்காரரின் தங்கைக்கு இருபத்தாறு வயது பதினோரு ஆண்டுகள் நீடித்தது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் பால் விலை நான்கு முறை ஏறியது, தெருமூலையில் இருந்த தபால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அவளுடைய அண்ணனுக்கு முன்வழுக்கை விழுந்தது, அண்ணிக்குச் சர்க்கரை வந்தது. அவள் மட்டும் அப்படியே இருந்தாள். நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. முடி தோளுக்குக் கீழே நான்கு விரல் அளவில் நின்றுவிட்டது. அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர் புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்து, “பழைய போட்டோ செல்லாதும்மா” என்றார். “இன்னைக்குக் காலையில எடுத்தது சார், ஈரம்கூட இன்னும் காயல” என்றாள் அவள். அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வரிசையில் நிறையப் பேர் நின்றதால், முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக் கடைக்காரர் சில குடும்பங்களில் உடல்வாகே அப்படித்தான் என்றார். அண்ணன் மகளுக்கு மட்டும் இது வசதியாக இருந்தது. பாப்பா என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பெண் எட்டு வயதிலிருந்து வளர்ந்துகொண்டே வந்து, அத்தையின் உடைகளைப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டாள். “இன்னும் ஏழு வருஷம்தான் அத்தை. அப்புறம் உன்னை வாடி போடின்னுதான் கூப்பிடுவேன்” என்பாள். அத்தை சிரிப்பாள். அவளுக்கு மட்டும் காரணம் தெரியும். செடி இன்னும் பூக்கவில்லை.

அவள் தையல் கடைக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். சட்டையில் பொத்தான் நுழையும் துளையை வெட்டி, அதன் ஓரத்தை நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைக்கும் வேலை அது. கடையிலிருந்து சட்டைகள் கட்டாக வீட்டுக்கு வரும், காஜா எடுத்துத் திரும்பிப் போகும். அந்தக் கடையில் துணி வெட்டுகிறவர்தான் மாஸ்டர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய அம்மாவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். நல்ல தொழில்காரர், மெதுவாகப் பேசுகிறவர், யாரோடும் சண்டைக்குப் போகாதவர். வலது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்து, ஓரத்தை அரத்தால் தீட்டி வைத்திருப்பார். துணியை மடித்து அந்த நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் சாக்பீஸ் தேவைப்படாத கோடு விழும். வெட்டிய துணிகளில் அந்த நகத்தின் பிறை வடிவத் தடம் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அவள் காஜா எடுக்கும்போது அதைத் தடவிப் பார்ப்பாள். அவர்கள் இருவருக்கும் நடுவே காதல் என்று சொல்லத்தக்கது முதல் இரண்டு வருடம் அவ்வளவுதான்.

அவளுக்கு இருபத்தைந்து நடக்கும்போது மாஸ்டர் ஒரு மாலையில் வீட்டுக்கு வந்து, அண்ணன் முன்னால் உட்கார்ந்து, அவளைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்றார். சட்டைப் பையிலிருந்து காய்ந்த ஒரு விதைக்காயை எடுத்து மேசைமேல் வைத்தார். பொத்தானைப்போல வட்டமாக இருந்தது. பிரித்தால் மெல்லிய வில்லைகளாக விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி, சக்கரம்போல அடுக்கப்பட்டிருந்தன. ஹாலிஹாக் என்று பெயராம். அவருடைய அப்பா இருந்த வீட்டில் மதிலோரம் ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்து, அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொன்றாகப் பூத்துக்கொண்டே போகுமாம். “இதை அவ போடட்டும். இது பூக்கிற அன்னைக்குக் கல்யாணம்” என்றார். அண்ணன் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. “பூச்செடிக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு தேதியைச் சொல்லுங்க.” மாஸ்டர் தரையைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து விதைக்காயை எடுத்துக்கொண்டாள். “தேதி யாருக்கு வேணும்?” என்றாள் அண்ணனைப் பார்த்து. “நாள் குறிச்ச கல்யாணமெல்லாம் நின்னதே இல்லையா?”

விதையை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில், மதிலோரம் வெயில் படும் இடத்தில் மண்ணைக் கொத்திவிட்டு நட்டாள். ஆழமாகப் புதைக்கக் கூடாது, வெளிச்சம் தெரிய வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்ததால் மேலே சல்லடையால் சலித்த மண்ணைத் தூவினாள். பத்து நாளில் முளைத்தன. முதலில் இரண்டு வட்ட இலை, பிறகு சுருக்கம் விழுந்த, சொரசொரப்பான, உள்ளங்கை போன்ற இலைகள். நெருக்கமாக இருந்தவற்றைப் பிடுங்கித் தள்ளி நட்டாள். அதில்தான் தவறு செய்தாள். இந்தச் செடியின் வேர் முள்ளங்கியைப்போல நேராகக் கீழே இறங்கும், இடம் மாற்றினால் பொறுக்காது. மாற்றி வைத்ததெல்லாம் ஒரு வாரத்தில் சாய்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் முதலில் முளைத்த ஒன்றை மட்டும் அவளுக்குத் தொட மனம் வரவில்லை. அது பிழைத்தது. தெருவில் அதற்கு மாஸ்டர் செடி என்று பெயர் விழுந்தது.

முதல் வருடம் இலை மட்டும்தான். தரையோடு தரையாகத் தாம்பாளம்போல விரிந்து கிடந்தது. அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்து, “என்ன, முட்டைக்கோஸா?” என்பார். மாஸ்டரோ, இது இரண்டாம் வருடம்தான் பூக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். அது உண்மைதான். இரண்டாம் வருடம் கோடைக்கு முன்னால் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி முழங்கால் உயரம் வந்தது. அவள் புதுச் செருப்பு வாங்கினாள். ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது தண்டின் நுனி இல்லை. கிள்ளப்பட்ட இடத்தில் ஒரு சொட்டுச் சாறு காய்ந்திருந்தது. வார்னிஷ் அடித்த ஃபிரேம்களை அண்ணன் அன்று விடியற்காலையில் அதே மதிலில்தான் காயச் சாய்த்து வைத்திருந்தார். அதற்கு முந்தைய வாரம்தான், கோபத்தில், “அந்தச் செடியை ஒருநாள் பிடுங்கிப் போடறேன் பாரு” என்றும் சொல்லியிருந்தார். அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

“எனக்கு வேற வேலை இல்லையா? நான் ஏன் கிள்ளப்போறேன்?” என்று அண்ணன் ஒரே ஒருமுறை கேட்டார்.

“என் கல்யாணம் உனக்குப் பிடிக்கல. அதான்.”

அதோடு அந்த வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது. ஒரே கூடத்தில் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். “பாப்பா, உங்க அப்பாகிட்ட சொல்லு, பால் காய்ச்சி வெச்சிருக்குன்னு.” “பாப்பா, உங்க அத்தைகிட்ட சொல்லு, காதுல விழுந்துச்சுன்னு.” எட்டு வயதுப் பாப்பா நடுவில் நின்று ஒவ்வொன்றையும் சொல் மாறாமல் திருப்பிச் சொல்வாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு செய்திக்கு ஒரு மிட்டாய் என்று கேட்டாள், இருவருமே கொடுத்தார்கள். பிறகு அவளுக்கும் பழகிப்போய், படித்துக்கொண்டே, தலை நிமிராமல் இரண்டு பக்கமும் கடத்திவிடுவாள். அத்தையின் வயது நின்றது நுனி கிள்ளப்பட்ட அந்தத் திங்கட்கிழமையில்தான். சில மாதம் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்தது. கல்யாணம் வரைக்கும் வயதும் காத்திருக்கிறது போல என்று அவள் அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டாள். அளவு நாடாவை வைத்தே உலகத்தைப் பார்க்கிற மாஸ்டருக்கும் அது தெரிந்தது. அவர் வியப்பைக் காட்டவில்லை. “நல்லதுதானே” என்றார்.

பூத்து விதை விட்டால் மட்கிப்போகிற செடி, பூக்க விடாமல் வைத்தால் சாகாது. வேரிலிருந்து மறுபடி மறுபடி கிளம்பும், முடிக்காத வேலையை முடிக்கப் பார்க்கும். தோட்டம் போடுகிறவர்கள் பலருக்கு இது தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் தண்டு கிளம்பியது, ஒவ்வொரு வருடமும் எங்கோ ஒரு உயரத்தில் குட்டையாகி, பக்கவாட்டில் இலைகளை விட்டு, கோடை முடியும்போது களைத்துப்போய் உட்கார்ந்தது. இலைகளின் அடியில் துருப் பிடித்ததுபோல ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தன. மாஸ்டர் அதற்குத் துரு நோய் என்று பெயர் சொன்னார், அதனால்தான் செடிக்குப் பூக்கப் பலமில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. காலையில் வந்துவிடுவார். செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்து, புள்ளி விழுந்ததைக் காம்போடு கிள்ளிக் கூடையில் போடுவார். அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அதிகம் பேச மாட்டார்கள். கிள்ளும் சத்தம் மட்டும் கேட்கும். அவர் கை இலைகளுக்கு நடுவே போய் வரும்போது அவள் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அங்கே நரை ஏறிக்கொண்டிருந்தது. நோய் இலையை எருக்குழியில் போடக் கூடாது, பரவிவிடும், உடனே கொளுத்த வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. அவர் கைகழுவிக்கொண்டு புறப்பட்டதும் அவள் கூடையை மூலையில் கவிழ்த்துக் கிளறாமல் தீ வைப்பாள். பதினோரு வருடம் அவள் கையாலேயே கொளுத்தினாள். அந்த அரை மணி நேரம்தான் அவளுக்கு வாரம் முழுவதும்.

மதில் இடுப்பளவு உயரம்தான். அந்தப் பக்கம் சந்து. பால்காரர் போவார், மருந்துக் கடைக்காரரின் மனைவி போவாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள். குந்தி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கையை மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். கூடை பிடித்து நிற்கிறவளுக்கு, அவருடைய தோள் மறைக்கும்.

பதினோராவது வருடம் பருவம் தப்பி மழை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் குடையோடு வந்து, நனைந்துகொண்டே இலை பார்த்துவிட்டுப் போனார். கூடையில் இருந்தது நெருப்புப் பிடிக்கவில்லை. தீக்குச்சிகள் தீர்ந்ததும் அவள் கூடையை உள்ளே கொண்டுவந்து, தான் காஜா எடுக்கும் பின்னறையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, காயட்டும் என்று இலைகளைப் பரப்பினாள். அப்போதுதான் முதல் முறையாக அந்த இலைகளைத் தனித்தனியாகப் பார்த்தாள். பலவற்றில் புள்ளியே இல்லை. காம்பின் கக்கத்தில், பட்டாணி அளவில், பச்சைப் போர்வைக்குள் இறுக்கிச் சுற்றியபடி மொட்டுகள் இருந்தன. சிலது தனியாகவே கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பிறை வடிவத்தில் ஒரு நகத்தடம். ஆயிரம் சட்டைகளில் தடவிப் பார்த்த தடம். அவள் அவற்றை வரிசையாக வைத்தாள். கட்டாகக் கிடந்த சட்டைகளை எடுத்து அன்றைய வேலையை முடித்தாள். ஒரு காஜாகூடக் கோணவில்லை.

மறுநாள் மதியம் பாப்பா கல்லூரியிலிருந்து வந்து அறைக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மழை ஈரத்தில் தண்டில்லாத மொட்டுகள் செய்தித்தாளின் மேல் மலர்ந்திருந்தன. கொய்யாப் பழத்தின் உள்நிறம். விளையாட்டுச் சாமான்போலச் சின்னச் சின்னப் பூக்கள், விளம்பரங்கள் மேலும் விலைப்பட்டியல் மேலும். அத்தை சுவரில் சாய்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வகிட்டில் முந்தின நாள் இல்லாத ஒரு நரைமுடி இருந்தது.

“இது என்ன அத்தை?”

“இந்த நிறம்தானாம்” என்றாள் அத்தை. “அவரைக் கேட்டப்போ ஞாபகம் இல்லன்னாரு.”

அடுத்த ஞாயிறு வரைக்கும் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாஸ்டர் வந்தார், குந்தினார். அவள் கூடையை நீட்டவில்லை. அவர் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் அவருடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“ஏன் மாஸ்டர்?”

“முதல் தடவை பயத்துல.” அவர் மண்ணைப் பார்த்துப் பேசினார். “குடும்பம்னா பயமா இருந்துச்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு.”

“அப்புறம்?”

“அப்புறம் அது ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு. கடைய மூடிட்டு வீட்டுக்கு நடக்கறப்போ, நமக்காக ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டே நடப்பேன். கால் வலியே தெரியாது. கட்டிக்கிட்டா அது இருக்குமா, நீயே சொல்லு.”

“நான்?”

“உனக்கு என்ன குறை?” உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். “வயசுகூட ஏறலையே.”

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இனிமே இலைய நானே பார்த்துக்கறேன்” என்றாள். அவர் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வழக்கம்போல வாளித் தண்ணீரில் கைகழுவிவிட்டுப் போனார். அந்த வாரமே அவள் வேறொரு தையல் கடையிலிருந்து சட்டைகள் வாங்கத் தொடங்கினாள்.

செடி அவசரப்பட்டது. கை படாத ஒரு மாதத்தில் தண்டு இடுப்பைத் தாண்டியது, காற்றுக்கு ஆடியது. முட்டுக் கொடுக்கக் கம்பு வேண்டியிருந்தது. வீட்டின் முன்பக்கம் இருந்த அண்ணனின் பட்டறைக்குள் அவள் பதினோரு வருடத்துக்குப் பிறகு காலை வைத்தாள். அண்ணன் மரத்தை இழைத்துக்கொண்டிருந்தார்.

“உயரமா ஒரு கம்பு வேணும்.”

அவர் பழக்க தோஷத்தில் அறையைச் சுற்றிப் பார்த்து, “பாப்பா, எவ்வளவு உயரம்னு கேளு” என்றார்.

“அவ காலேஜ் போயிருக்கா. உன்கிட்டதான் கேக்கறேன்.”

இழைப்புளி நின்றது. “எவ்வளவு உயரம்?”

“தெரியாது. நான் பார்த்ததில்லையே.”

அவர் மூலைக்குப் போய், பெரிய படங்களுக்காக வைத்திருந்த பொன்முலாம் பூசிய சட்டங்களில் இருப்பதிலேயே நீளமானதை உருவி எடுத்தார். அதை வாங்கும்போதுதான் அவள் ஜன்னலைக் கவனித்தாள். அதன் வழியாக நடைபாதையும் அதைத் தாண்டித் தோட்டமும், மதிலும், செடியும், செடிக்கு முன்னால் ஒருவர் குந்தும் இடமும் ஃபிரேம் போட்ட படம்போலத் தெரிந்தன.

“இங்கருந்து எல்லாம் தெரியுதே அண்ணே.”

“தெரியும்.”

“எப்பலருந்து?”

“மூணாவது வருஷத்துலருந்து.” அவர் சட்டையில் ஒட்டிய மரச்சீவலைத் தட்டினார். “அண்ணிக்கும் தெரியும். பால்காரருக்குத் தெரியும். அவரு என்கிட்ட கேட்டாரு, என்ன உங்க மாப்பிள்ளை மொட்டு மொட்டா கிள்ளுறாரேன்னு. உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ பேச்சுன்னு விட்டுட்டாங்க எல்லாரும்.”

“நீ ஏன் சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பியா? நான்தான் கிள்ளினேன்னு சொன்னவ நீ.”

அவள் சட்டத்தைத் தரையில் ஊன்றினாள். “நம்பியிருக்க மாட்டேன்” என்றாள். “ஆனாலும் நீ சொல்லியிருக்கணும்.” அண்ணன் தலையை ஆட்டினார். சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டார்கள், ஆனால் முன்னைப்போல இல்லை. ஒரு வீட்டில் இருப்பவர்கள் வாடகைக்கு இருப்பவர்களோடு பேசுவதுபோல.

முதல் பூ அடித்தண்டில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மலர்ந்தது. உள்ளங்கை அகலம், காகிதத்தைப்போல மெல்லியது. அன்று அவள் நகம் வெட்டிக்கொண்டாள். இரண்டாவது பூவுக்கு முடி ஒரு விரற்கடை இறங்கியது. ஒரு பூவுக்கு ஒரு வயது என்று கணக்குத் தெளிவாகச் சில நாள் பிடித்தது. வயதுகள் வெறுங்கையோடு வரவில்லை, அவற்றுக்குரியவையும் கூடவே வந்தன. முப்பதில் வந்திருக்க வேண்டிய பல்வலி ஒரு செவ்வாய்க்கிழமை வந்து புதன்கிழமை போனது. முப்பத்து மூன்றின் அம்மை ஒரு மதியம் முழுக்க உடம்பில் கிடந்து விளக்கு வைப்பதற்குள் இறங்கியது. சில காலைகளில் காரணமில்லாமல் அழுதாள். அது எந்த வருடத்துக்கு உரிய அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை. மருந்துக் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே சத்து மருந்தைக் கொடுத்தார்.

முதல் பூ மலர்ந்த ஞாயிறே மாஸ்டர் மதிலுக்கு வெளியே வந்து நின்றார். சொன்ன சொல் சொன்னதுதான், பூத்துவிட்டது, தான் தயார் என்றார். அவர் சொன்ன விதத்தில் பொய் எதுவும் இல்லை. அவள் தண்டைக் கீழிருந்து மேலாகக் காட்டினாள். “இன்னும் மேல மொட்டு இருக்கு மாஸ்டர். பூத்து முடியட்டும்.” அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து நின்றார். காத்திருக்கிறவர்களுக்கு உட்கார முக்காலி போடும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தாலும் யாரும் போடவில்லை. பதினோராவது பூவோடு அவளுடைய சொந்த வயது அவளுக்கு வந்து சேர்ந்தது. கண்ணோரத்தில் இரண்டு கோடு, நெற்றிக்கு மேலே கொஞ்சம் நரை. அழகாகத்தான் இருந்தாள், தெருவில் எல்லோரும் சொன்னார்கள். தண்டில் அதற்கு மேலும் மொட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. செடி தடுத்து வைக்கப்பட்ட கோடைகளையெல்லாம் சேர்த்து ஒரே தண்டில் ஏற்றியிருந்தது. நுனி கூரையைத் தாண்டிவிட்டது, அண்ணன் இன்னொரு சட்டத்தை முதல் சட்டத்தோடு ஆணி அடித்து நீட்டிக் கொடுத்தார். மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அளவு தெரியும்.

“இதோட நிறுத்திடு. இப்போ சரியா இருக்கு. உச்சி வரைக்கும் விட்டா நீ கிழவி ஆயிடுவ.” பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மதிலுக்கு மேலே நீட்டினார். “ஒரே வெட்டு. நீ வெட்ட வேணாம், நான் வெட்டறேன்.”

அண்ணி சமையலறை வாசலிலிருந்து, “அவரு சொல்றதும் சரிதானம்மா, வெட்டிடேன்” என்றாள். பாப்பா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தண்டை நிமிர்ந்து பார்த்தாள். வெட்டினால் முப்பத்தேழில் நின்றுவிடலாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் நிற்கலாம், நிற்பது எப்படி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“நிறுத்தி வெச்சது போதும் மாஸ்டர். கத்தரிய உள்ள வைங்க.”

பூத்துக்கொண்டே போனது. ஒருநாளுக்கு ஒன்று, வெயில் நன்றாக இருந்தால் இரண்டு. நாற்பதைத் தாண்டியதும் அவள் கண்ணாடி போட்டுக்கொண்டாள், காஜா முன்னைவிட நெருக்கமாக விழுந்தது. மாஸ்டரின் வயதை அவள் ஒரு வியாழக்கிழமை கடந்தாள். அந்த ஞாயிறு அவர் “நீ” என்று தொடங்கி, நிறுத்தி, “நீங்க” என்று முடித்தார். அண்ணனின் வயதைக் கடந்தது ஒரு சனிக்கிழமை. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, “தண்ணி சூடா இருக்கு அக்கா” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அண்ணி சிரித்தாள். பிறகு யோசித்துப் பார்த்தால் அதுதான் முறை என்று பட்டது. கணவனின் அக்கா என்றால் அண்ணிதானே. ஆகவே கொஞ்ச நாள் அந்த வீட்டில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு மூத்தவள் மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டாள். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அண்ணனுக்கும் அவளிடம் பேசுவது எளிதாக இருந்தது. தங்கைக்குச் சொல்லாமல் விட்டதைப் பற்றி அக்காவிடம் ஒருநாள் அவரே எடுத்துச் சொல்லி அழுதார். அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். யாரோ ஒரு பெண்ணுக்கு நடந்ததைக் கேட்பதுபோல, பாவம் என்றாள்.

உச்சியில் இருந்த கடைசிப் பூ மலர்ந்தபோது அவள் தெருவிலேயே மூத்தவள் ஆகியிருந்தாள். முடி முழுவதும் வெளுத்திருந்தது, முதுகு இலேசாக வளைந்திருந்தது, பல் எல்லாம் இருந்தது. கீழே முதல் பூக்கள் இருந்த இடத்தில் காய்கள் பழுப்பேறிக் காய்ந்துகொண்டிருந்தன. தண்டும் மஞ்சளாகத் தொடங்கியது. அடையாள அட்டை அலுவலகத்திலிருந்து வந்து, பதிவில் இருந்த பிறந்த ஆண்டைத் திருத்திவிட்டுப் போனார்கள். எழுதினவருக்கு அண்ணனுக்கு முன்னால் பிறந்தவள் என்று குறிப்பதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை, வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு மாஸ்டர் தானே வெட்டித் தைத்த புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இந்தத் தடவை மதிலுக்கு வெளியே நிற்காமல், வாசல் வழியாக வந்து கதவைத் தட்டினார். பூத்து முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும், வாக்கு என்று ஒன்று இருக்கிறது. அவள்தான் கதவைத் திறந்தாள். நெற்றிக்கு மேலே கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, அந்த வயதுக்காரர்கள் தெருவில் போகிற யாரையும் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

“வா தம்பி” என்றாள். “உள்ள வா. ஏன் வெயில்ல நிக்கற?”

மாஸ்டர் வாயைத் திறந்தார். “ஒண்ணுமில்லம்மா” என்றார். “சும்மா பார்த்துட்டுப் போலாம்னு.”

அவள் அவர் மார்பருகே குனிந்து, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்துப் பார்த்தாள். “காஜா யாரு எடுத்தது? நூலெல்லாம் தொளதொளன்னு நிக்குது. நாலு தடவை துவைச்சா பிரிஞ்சிடும். கழட்டிக் குடு.” அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, பழைய நூலைப் பிரித்து, ஊசியில் புது நூலைக் கோத்துத் தைக்கத் தொடங்கினாள். பாப்பா அவருக்கு ஒரு முக்காலி போட்டாள். மாஸ்டர் பனியனோடு அதில் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை காத்திருந்தார்.